கிடக்கும் முள், நிற்கும் முள்

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போனால் கிருஷ்ணாபுரம் வரும். வெளியூர்க்காரர்கள் வெங்கடாசலபதி கோயிலின் கற்சிற்பங்களைப் பார்க்க வருவார்கள், பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். பூமியின் காந்தத்தை ஆராய்பவர்களுக்கோ இந்த ஊர்ப்பெயர் வேறொரு காரணத்தால் பழக்கம். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் தன் நடுக்கோட்டுப் புவியியற்பியல் ஆய்வகத்தை இங்கேதான் வைத்திருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நம் திருநெல்வேலி மாவட்டத்தை ஒட்டிச் செல்வதே அதற்குக் காரணம். சாதாரண நடுக்கோடு கன்னியாகுமரிக்கும் தெற்கே 900 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் போகிறது. காந்த நடுக்கோடு அதற்கு இணையாகப் போவதில்லை. இந்தியப் பக்கத்தில் அது வடக்கே வளைந்து தீபகற்பத்தின் தென்முனையைத் தொட்டபடி ஓடுகிறது.

காந்த நடுக்கோடு என்றால் என்ன என்பதற்குக் கணிதம் வேண்டாம், ஓர் ஊசி போதும். காந்தமேற்றாத ஊசியை நடுவில் நூல் கட்டிச் சமமாகத் தொங்கவிட்டு, பிறகு காந்தமேற்றுங்கள். லண்டனில் அதன் வடமுனை வெகுவாகப் பாதாளத்தை நோக்கிச் சரியும். 1581-இல் ராபர்ட் நார்மன் என்ற காம்பஸ் செய்பவர் இதை அளந்து, சாய்வு ஏறக்குறைய 72 பாகை என்று புத்தகமே எழுதினார். திருநெல்வேலியில் அதே ஊசி ஏறக்குறையத் தரைக்குச் சமமாகக் கிடக்கும். ஐரோப்பாவில் செய்யும் காம்பஸ்களில் இந்தச் சரிவை ஈடுகட்ட முள்ளின் தென்பாதியில் சிறு எடை வைப்பார்கள். அப்படிப்பட்ட ஒன்றை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் அந்த எடையே முள்ளைத் தெற்குப் பக்கம் இழுத்துக் கவிழ்க்கும். வடக்கு நோக்கிப் போகப்போகக் கதை தலைகீழாகும். 1831 ஜூன் 1 அன்று, கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில், ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தன் சாய்வு ஊசியைப் பார்த்தபோது அது 89 பாகை 59 கலை காட்டியது. முள் எழுந்து நின்றுவிட்டது. அதுதான் வடகாந்த முனை.

வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்துபோக, உலகத்தைச் சமன் செய்ய அகத்தியர் பொதிகைக்கு அனுப்பப்பட்டார் என்ற புராணத்தை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள். அதைக் காந்தவியலின் முன்னறிவிப்பு என்று யாராவது கிளப்பிவிட்டால் நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் தாமிரபரணி பிறக்கும் மலையடிவாரத்தில் முள் சமமாகக் கிடக்கிறது என்ற செய்தியை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை.

நின்ற முள் யாருக்கு இடைஞ்சல்? கப்பல்காரர்களுக்குப் பெரிதாக இல்லை. அந்தப் பனிக்கடலில் கப்பல் ஊர்ந்துதான் போகும், தப்பைத் திருத்த நேரம் உண்டு. விமானத்துக்குத்தான் அது உயிர்ப் பிரச்சினை. காம்பஸ் முள்ளைத் திசைக்குத் திருப்புவது காந்தப்புலத்தின் கிடைமட்டப் பகுதி மட்டுமே. திருநெல்வேலியில் அந்தப் பகுதி ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா, அதாவது புலம் முழுவதுமே கிடைமட்டம். அது 6,000-க்குக் கீழே இறங்கினால் காம்பஸை நம்பக்கூடாது என்று விமானிகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். கனடாவின் வடபாதியில் மிகப் பரந்த பகுதி இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. அங்கே முள் எங்கோ சுற்றும், எங்கோ நிற்கும்.

காம்பஸ் போனால் போகட்டும், வரைபடம் இருக்கிறதே என்றால் அதுவும் கைவிடும். நம் ஊர் அகலாங்கில் ஒரு பாகை நெட்டாங்கின் அகலம் 110 கிலோமீட்டர். 89 பாகை வடக்கில் அது 2 கிலோமீட்டருக்கும் குறைவு. மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் அங்கே குறுக்கே பறப்பவர் 17 விநாடிக்கு ஒரு நெட்டாங்கைத் தாண்டுவார். ஒவ்வொரு கோட்டுக்கும் 'வடக்கு' வேறு. கிரீன்விச் கோட்டின் வழியே துருவத்தை நோக்கிப் பறக்கும் விமானத்தின் பாதை நேர் வடக்கு. துருவத்தைத் தாண்டிய கணத்தில் அதே பாதை நேர் தெற்கு. விமானமோ இம்மிகூடத் திரும்பியிருக்காது.

முதலில் போனவர்கள் இதைத் துணிச்சலாலும் தலைக்கணக்காலும் சமாளித்தார்கள். 1926 மே 12 அன்று அமுண்ட்சென், எல்ஸ்வொர்த், நோபிலே மூவரும் 'நோர்கே' என்ற ஆகாயக் கப்பலில் வடதுருவத்தின் மேலே சென்றார்கள். திசை பார்த்தவர் ஹ்யால்மர் ரீசர்-லார்சன். 1928 ஏப்ரலில் ஹூபர்ட் வில்கின்ஸ், பென் ஐயல்சன் இருவரும் அலாஸ்காவின் பாயிண்ட் பாரோவிலிருந்து ஸ்பிட்ஸ்பெர்கன் வரை 20 மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் பறந்தார்கள். ஐயல்சன் ஓட்ட, வில்கின்ஸ் வழி கணித்தார். காம்பஸ் காட்டும் எண் வழியெல்லாம் மாறிக்கொண்டே போகும் என்பதால் எந்த இடத்தில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தார். 1937-இல் மாஸ்கோவிலிருந்து துருவத்தைத் தாண்டி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இறங்கிய சோவியத் விமானத்தில் சக்காலோவின் பெயர்தான் புகழ்பெற்றது. கூட இருந்த நேவிகேட்டர் அலெக்சாண்டர் பெல்யாக்கோவ் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை. ஓட்டுநரைத் தெரிந்த அளவுக்கு நேவிகேட்டரை உலகம் தெரிந்துகொள்வதில்லை என்பது இந்தத் துறை முழுவதற்கும் பொருந்தும்.

துணிச்சல் ஓரிரு பயணங்களுக்குப் போதும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நிலைமை வேறு. அமெரிக்காவும் சோவியத்தும் எதிரெதிராக நின்றபோது இரண்டுக்கும் குறுக்கு வழி துருவத்தின் மேல்தான் என்று தெரிந்தது. வாரந்தோறும், எந்தப் பருவத்திலும், சாதாரண நேவிகேட்டரும் போய்த் திரும்பக்கூடிய முறை தேவைப்பட்டது. அது இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு 'கீ பேர்ட்' என்ற அமெரிக்க பி-29 விமானம் சாட்சி. 1947 பிப்ரவரியில் அலாஸ்காவிலிருந்து துருவப் பக்கம் போன அது திரும்பும்போது வழி தவறியது. வடகிரீன்லாந்தில், உறைந்த ஏரி ஒன்றின் மேல், பிப்ரவரி 21 அன்று வயிற்றால் இறங்கியது. 11 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

அந்தப் பருவத்தில் துருவ வானத்துக்கு ஒரு குணம் உண்டு. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே, அதனால் அதை அளக்க முடியாது. ஆனால் வானம் முழுக்க இருட்டுவதும் இல்லை, அதனால் நட்சத்திரங்களும் தெரியாது. நமக்கு அந்தி என்றால் இருபது, இருபத்தைந்து நிமிடம். மாடு பட்டிக்குத் திரும்பி, விளக்கேற்றி முடிப்பதற்குள் இருட்டிவிடும். அங்கே அந்தி நாள்கணக்கில் நீளும். விமானம் சரியான வேகத்தில், சரியான திசையில் போனால் அந்தியோடு கூடவே ஓடிக்கொண்டிருக்கும், இரவு வரவே வராது. வழி தெரியாதவனுக்கு இதைவிடப் பெரிய பொறி கிடையாது.

இந்தப் பொறியைக் கணக்காக மாற்றியவர்களில் முக்கியமானவர் கீத் கிரீனவே. 1916-இல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் வுட்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். போர்க்காலத்தில் கனடிய விமானப்படையில் சேர்ந்தார். போர் முடிந்த காலத்தில், குறைந்த அலைவெண்ணில் இயங்கும் லோரான் என்ற வானொலி வழிகாட்டு முறையை வடகோடியில் சோதிக்கும் பணி அவரைத் துருவத்தின் பக்கம் இழுத்தது. அமெரிக்க விமானங்களில் ஏறி ஆர்க்டிக் மேல் திரும்பத் திரும்பப் பறந்தார். ஒருமுறை போய்க் கொடி நாட்டித் திரும்பும் வகை ஆள் அல்லர். பறந்த ஒவ்வொரு முறையும் எது பிழைத்தது, எவ்வளவு பிழைத்தது என்று குறித்து வைத்தவர்.

அவருக்கு முன்னே ஒரு கருவி தயாராக இருந்தது. கனடிய விமானப்படையைச் சேர்ந்த கென்னத் மக்லூர் போர்க்காலத்திலேயே ஓர் எளிய யோசனை சொல்லியிருந்தார். துருவ வரைபடத்தின் மேல், ஒரே புள்ளியில் குவியும் நெட்டாங்குகளை மறந்துவிட்டு, கிரீன்விச் கோட்டுக்கு இணையான நேர்கோடுகளால் சதுரக் கட்டம் போடுங்கள். அந்தக் கோடுகள் காட்டும் பக்கத்தையே எங்கும் வடக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நேராகப் பறக்கும் விமானத்தின் திசை எண் துருவத்துக்கு முன்னும் பின்னும் மாறாது. பொங்கலுக்குப் புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இது உடனே புரியும். 1945 மே மாதம் பிரிட்டனின் 'ஏரீஸ்' என்ற லங்காஸ்டர் விமானம் மக்லூரையும் ஏற்றிக்கொண்டு இந்த முறையில் துருவத்துக்கும் காந்த முனைக்கும் பறந்தது. ராஸ் கண்ட இடத்தைவிட்டுக் காந்த முனை வடமேற்கே பல நூறு கிலோமீட்டர் நகர்ந்துவிட்டது என்ற முடிவோடு திரும்பியது.

கட்ட வரைபடம் திசைக்கு ஒரு பெயர் தருகிறது. அந்தத் திசையைப் பிடித்து வைத்திருக்க ஒரு கை வேண்டுமே? அது கைரோ. வேகமாகச் சுழலும் சக்கரம் தன் அச்சை விட்டுக்கொடுக்காது, காந்தத்தைப் பற்றிக் கவலைப்படாது. ஆனால் அது விண்வெளியைப் பார்த்து நிலைநிற்கிறது, கீழே பூமி சுழல்கிறது. அதனால் கைரோ மெல்ல விலகுவதுபோல் தோன்றும். எவ்வளவு விலகும் என்பது அகலாங்கின் சைனைப் பொறுத்தது. துருவத்தில் மணிக்கு 15 பாகை, நடுக்கோட்டில் சுழி, திருநெல்வேலியில் மணிக்கு சுமார் 2.3 பாகை. இதோடு சக்கரத்தின் உராய்வால் வரும் சொந்த விலகலும் சேரும். முதல் விலகலைக் கணக்கால் கழித்துவிடலாம். இரண்டாவதைக் கண்டுபிடிக்க வானத்தைப் பார்த்தே ஆக வேண்டும். நேவிகேட்டர் சிறு இடைவெளிகளில் எழுந்து, விமானத்தின் மேற்கூரைக் கண்ணாடிக் குமிழில் வானக் காம்பஸைப் பொருத்திச் சூரியனைப் பார்த்து, கைரோவின் பிழையைக் குறித்துக்கொண்டு உட்காருவார். பன்னிரண்டு, பதினைந்து மணி நேரம் இதே வேலை. சாகசக் கதைகளில் இடம்பெறாத உழைப்பு இது.

வானத்தைப் பார்க்க முடியாத அந்திக்குத்தான் கிரீனவே தன் பங்கைச் சேர்த்தார். சக அதிகாரி ஒருவருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய அந்திக் கணிப்பான், எந்த நாளில் எந்தப் பாதையில் புறப்பட்டால் எத்தனை மணி நேரம் சூரியன் தெரியும், எப்போது அந்தியில் நுழைவோம், அதில் எவ்வளவு நேரம் மாட்டிக்கொள்வோம் என்று கிளம்புமுன்பே சொல்லிவிடும். 1951-இல் வந்த அவருடைய ஆர்க்டிக் வான்வழிக் கையேடு அந்தத் துறையின் பாடநூலானது. 1952-க்கான மக்கீ கோப்பை, கனடிய வான்துறையின் பழம்பெரும் விருது, அவருக்குக் கிடைத்தது. இவை எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பு, மாய்ரா டன்பார் என்ற பனியியல் அறிஞருடன் சேர்ந்து 1956-இல் அவர் வெளியிட்ட நூல். வானிலிருந்து பார்த்த கனடிய ஆர்க்டிக்கைத் தீவு தீவாக விவரிக்கும் புத்தகம் அது. காம்பஸ், கைரோ, நட்சத்திரம் எல்லாம் கைவிட்டாலும் கீழே தெரியும் கடற்கரை வளைவைப் பார்த்து 'இது இன்ன தீவு' என்று அடையாளம் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மேகம் விலகும் ஒரு நிமிடம் போதும், ஊர்க்காரனுக்குத் தன் ஊர் தெரிந்துவிடும். கிரீனவே துருவத்தின் ஊர்க்காரர் ஆனார்.

கடலில் மிதக்கும் பனித்தீவுகளைப் பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரைகளிலும் அவர் பெயர் உண்டு. 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் ஆகாயக் கப்பலொன்று மாசசூசெட்ஸிலிருந்து டி-3 என்ற பனித்தீவு வரை போய்வந்தபோது ஆர்க்டிக் ஆலோசகராக அவரும் ஏறியிருந்தார். பிற்காலத்தில் மலேசிய விமானப்படைக்கு ஆலோசகராகப் போனார். பனியிலிருந்து நடுக்கோட்டுக்கு! அங்கே கைரோ விலகல் பற்றி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவை இருந்திருக்காது. 2010-இல் காலமானார்.

துருவத்தில் நட்சத்திரக் கணக்கு மட்டும் சுலபம் என்பது இந்தக் கதையின் வேடிக்கை. துருவ நட்சத்திரத்தின் உயரமே அந்த இடத்தின் அகலாங்கு. நெல்லையில் அது தொடுவானத்திலிருந்து ஒன்பது பாகைக்கும் குறைவு. பனைமர வரிசை மறைத்துவிடும் உயரம். அந்தத் தாழ்ந்த நட்சத்திரத்தைத்தான் நம் கடலோடிகள் விரலால் அளந்தார்கள். ராப்பலகை என்ற சிறு மரப்பலகையைக் கை நீட்டிப் பிடித்து எத்தனை விரல் உயரம் என்று பார்த்துத் துறைமுகத்தின் அகலாங்கைப் பிடித்தார்கள். தாமிரபரணி முகத்துவாரத்துக் கொற்கைக்கு வந்துபோன பாய்மரங்கள் எந்த முறையைக் கையாண்டனவோ, தலைக்குமேல் அதே வானம்தான். துருவத்திலோ அந்த நட்சத்திரம் உச்சந்தலையில். மற்ற எந்த விண்மீனின் உயரமும் பஞ்சாங்கத்தில் அச்சிட்ட அதன் நடுவரை விலக்கத்துக்குச் சமம். துருவத்தையே 'நான் நிற்கும் இடம்' என்று வைத்துக்கொண்டால் பாதிக் கணக்கு மிச்சம். கிரீனவே தலைமுறை நேவிகேட்டர்கள் இந்தச் சலுகையை நன்றாகப் பயன்படுத்தினார்கள்.

படைக்காரர்கள் கற்றது பயணிகளுக்கு வர அதிக காலம் ஆகவில்லை. ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ். 1954 நவம்பர் 15 அன்று கோபன்ஹேகனுக்கும் லாஸ் ஏஞ்சலீசுக்கும் இடையே ஆர்க்டிக் வழியாகச் சேவை தொடங்கியது. அதன் தலைமை நேவிகேட்டர் எய்னார் ஸ்வெர்ரே பெடர்சன் கட்ட வரைபடத்தையும், விலகல் மிகக் குறைந்த கைரோவையும், அந்தி வானத்தின் ஒளிமுனைப்பைக் கொண்டு சூரியன் இருக்கும் பக்கத்தைச் சொல்லும் வானக் காம்பஸையும் அன்றாட வேலையாக்கினார். 1957-இல் டோக்கியோவுக்கும் அதே வழியில் சேவை வந்தது. பின்னர் நிலைமக் கருவிகள் வந்தன, செயற்கைக்கோள் வந்தது. நேவிகேட்டருக்கென்று விமானத்தில் இருந்த நாற்காலி காணாமல் போனது.

துருவத்தை விட்டு, இனி நம் பக்கத்து மலையேறுவோம். பொதிகையின் உச்சியான அகத்தியர் மலை 1,868 மீட்டர். 1850-களில் அந்த உச்சியில் ஒரு காந்த ஆய்வுக்கூடம் இருந்தது என்று சொன்னால் பாபநாசத்துக்காரர்களே நம்பமாட்டார்கள். கட்டியவர் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1852-இல் திருவிதாங்கூர் மகாராஜாவின் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தவர். கடல்மட்டத்தில் காந்த முள் நாள்முழுக்க ஆடும் ஆட்டமும், ஆறாயிரம் அடி உயரத்தில் ஆடும் ஆட்டமும் ஒன்றுதானா என்று பார்க்க விரும்பினார். யானைக் காட்டுக்கு நடுவே கருவிகளைச் சுமந்துபோய், மழையிலும் மூடுபனியிலும் ஆள் வைத்து முள்ளைக் கவனிக்கச் செய்தார். திருவனந்தபுரம், அகத்தியர் மலை இரண்டிலும் எடுத்த அளவுகள் 1874-இல் லண்டனில் பெரும் நூலாக வெளியாயின. தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? நமக்குக் கால்டுவெல் தெரியும், ரேனியஸ் தெரியும். பிரவுன் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏறியதாலோ என்னவோ விட்டுவிட்டோம்.

பிரவுனின் கண்டுபிடிப்புகளில் ஒன்று இந்தக் கட்டுரையின் இரண்டு நுனிகளையும் முடிச்சுப் போடுகிறது. பூமியின் காந்த விசை நாளுக்கு நாள் கூடுவதும் குறைவதும் இடத்துக்கு இடம் தனித்தனியாக நடப்பதில்லை, பூமி முழுவதும் ஒன்றாகவே கூடுகிறது, ஒன்றாகவே குறைகிறது என்று அவர் காட்டினார். நூறாண்டு கழித்து இதன் நுட்பமான வடிவம் தெரிய வந்தது. காந்த நடுக்கோட்டின் மேலே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மின்னோட்டம் ஒடுங்கிய பட்டையாக ஓடுகிறது. அந்த இடத்தில் காந்தப்புலம் சமமாகக் கிடப்பதால்தான் மின்னோட்டம் அப்படித் திரள முடிகிறது. முள் சற்றே சாய்ந்தாலும், அதாவது சில நூறு கிலோமீட்டர் வடக்கே போனாலும், அது இல்லை. கிருஷ்ணாபுரத்தின் காந்தமானி காட்டும் ஏற்ற இறக்கத்திலிருந்து மும்பைக்கு அருகிலுள்ள அலிபாக்கின் அளவைக் கழித்தால் இந்த மின்தாரையின் வலு கிடைக்கும். (அலிபாக் நிலையம் தோன்றியதே பம்பாய்க்கு மின்சார டிராம் வந்து அங்கிருந்த கொலாபா ஆய்வகத்தின் அளவுகளைக் கெடுத்துவிடும் என்ற பயத்தால்.) 1968-இல் அட்சுஹிரோ நிஷிடா என்ற ஜப்பானிய அறிஞர், துருவப் பகுதியில் பதிவாகும் சில காந்த நடுக்கங்கள் அதே நேரத்தில் நடுக்கோட்டிலும் பதிவாகின்றன என்று எடுத்துக்காட்டினார். சூரியக் காற்று துருவத்தில் உண்டாக்கும் மின்புலம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடுக்கோடு வரை ஊடுருவுகிறது. இடையில் உள்ள நாடுகளில் அந்த நடுக்கம் மங்கிவிடும். மின்தாரை ஓடும் நம் தலைக்குமேல் மீண்டும் பெரிதாகும். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் அண்டார்க்டிக்காவின் மைத்ரி நிலையத்திலும் காந்த அளவுகள் எடுப்பது இதனால்தான் பொருள் பெறுகிறது. கிடக்கும் முள்ளுக்குக் காரணம் தேட நிற்கும் முள்ளின் பக்கம் போக வேண்டியிருக்கிறது.

2021 ஜனவரியில், முழுக்கப் பெண்களே இயக்கிய ஏர் இந்தியா விமானம் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவத்தின் மேலாகப் பெங்களூரு வந்தது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் போயிங் 777 ஏறத்தாழ 17 மணி நேரம் பறந்தது. கிரீனவே குமிழில் நின்று செய்த வேலையைப் பெட்டிகள் செய்துவிட்டன. ஆனாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. 82 பாகைக்கு மேலே நடுக்கோட்டுச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் தொடுவானத்துக்குக் கீழே போய்விடுவதால் தரையோடு பேச விமானங்கள் நெடுங்காலம் சிற்றலை வானொலியையே நம்பியிருந்தன. சூரியன் சீறினால் துருவத்தில் அந்த வானொலி செத்துப்போகும். 2003 அக்டோபர் இறுதியில் வந்த சூரியப் புயலின்போது நிறுவனங்கள் துருவ வழியைக் கைவிட்டு எரிபொருளைக் கூடுதலாகச் செலவழித்துத் தெற்கே சுற்றிப் போயின. அப்படிப்பட்ட நாள்களில் கிருஷ்ணாபுரத்தின் பதிவுக் கோடும் தாறுமாறாகத் துள்ளும்.

கிடக்கும் முள்ளுக்கும் நிற்கும் முள்ளுக்கும் உள்ள வேறுபாட்டை ஓடுபாதைகளுக்குப் போடும் எண்ணிலும் பார்க்கலாம். நமக்குப் பக்கத்து விமான நிலையமான தூத்துக்குடி வாகைக்குளத்தின் ஓடுபாதையில் 10 என்றும் 28 என்றும் எழுதியிருக்கும். காந்த வடக்கிலிருந்து 100 பாகை, 280 பாகை என்று பொருள். இங்கே காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஓரிரு பாகைதான் விலகுகின்றன, எந்த வடக்கை வைத்து அளந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. கனடாவின் வடகோடியில் ஓடுபாதை எண்ணுக்குப் பக்கத்தில் டி என்ற எழுத்தைச் சேர்க்கிறார்கள். உண்மை வடக்கை வைத்து அளந்தது, காம்பஸைப் பார்த்துவிட்டு இறங்காதே என்று அதற்கு அர்த்தம்.

ராஸ் 1831-இல் கண்ட காந்த முனை இன்று கனடாவை விட்டே வெளியேறி, ஆண்டுக்குப் பல பத்து கிலோமீட்டர் வேகத்தில் சைபீரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. உலகக் காந்த மாதிரியை 2019-இல் தவணைக்கு முன்பே திருத்த வேண்டிவந்தது. காந்த நடுக்கோடும் சும்மா இருக்கவில்லை. 1963-இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவியபோது அந்தக் கோடு திருவனந்தபுரத்துக்குச் சற்று வடக்கே போய்க்கொண்டிருந்தது. அதன்பின் பத்தாண்டுக்குப் பத்தாண்டு தெற்கே இறங்கி வருகிறது. கிருஷ்ணாபுரத்தில் ஊசியைக் கட்டித் தொங்கவிட்டுக் கூர்ந்து பார்ப்பவருக்கு, அதன் வடமுனை இப்போதே இம்மியளவு தாழ்ந்திருப்பது தெரியும்.